‘ஒரு ரூபாய்கூடக் குறையாது’ என்பவரிடம் எப்படிப் பேசுவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை மேடவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறீர்கள். பெரும்பாக்கம் பக்கம் கட்டி முடியும் நிலையில் இருக்கும் ஓர் அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு பார்த்திருக்கிறீர்கள், சதுர அடி 7,200 ரூபாய். மடிப்பாக்கத்தில் இருபது வருஷப் பழைய வீடு ஒன்றும் பார்த்தீர்கள், உரிமையாளர் 68 லட்சம் சொல்கிறார். விற்பனை மந்தம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் விலையைக் கேட்டால் யாரும் இறங்கி வரவில்லை. தரகரோ, தை பிறந்தால் விலை ஏறிவிடும், இந்த வாரமே இரண்டு லட்சம் டோக்கன் முன்பணம் கொடுங்கள் என்கிறார். வாங்குபவருக்கு இப்போது பேரம் பேசும் பலம் இருக்கிறதா இல்லையா என்பது உங்கள் கேள்வி.

இருக்கிறது. ஆனால் சதுர அடி விலையில் அதைத் தேடினால் கிடைக்காது. வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். விளம்பரத்தில் சொன்ன விலையும், கடைசியில் ஒப்பந்தத்தில் எழுதிய விலையும் இரண்டுமே என் மேசைக்கு வரும். மந்தமான காலங்களில் இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழும் என்று பார்த்துப் பழகியவன் என்பதால் சொல்கிறேன்.

பில்டர் ஏன் சதுர அடி விலையைக் குறைக்க மாட்டார் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு 6,900 என்று கொடுத்தால், போன வருஷம் 7,200 கொடுத்து வாங்கிய நாற்பது பேர் அடுத்த நாளே அலுவலகத்தில் வந்து நிற்பார்கள். அடுத்து வருகிறவரும் 6,900-லிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். கட்டுமானத்துக்குக் கடன் கொடுத்த நிறுவனம்கூட அந்த விலையை வைத்துத்தான் தன் கணக்கைப் போட்டிருக்கும். அதனால் பலகையில் எழுதிய விலை அப்படியே நிற்கும். அதற்குக் கீழே இருக்கும் மற்ற எல்லாம் நகரும். சென்னையில் சந்தை திரும்புவதற்கு முதல் அடையாளமே இதுதான்: விலை மாறாது, சலுகைகள் பெருகும். மாடுலர் கிச்சன் இலவசம், பதிவுச் செலவு இலவசம், தங்க நாணயம், ‘இப்போது 10 சதவீதம், மீதி சாவி வாங்கும்போது’ என்று வரிசையாக வரும். அந்தச் சலுகைகளைப் பணமாகக் கேட்பதுதான் உங்கள் வேலை.

அவர்கள் கொடுக்கும் காஸ்ட் ஷீட்டை, அதாவது விலை விவரத் தாளை, மேசைமேல் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதைப் போன்ற ஒரு தாளை உதாரணத்துக்குப் போடுகிறேன். விற்பனைப் பரப்பு, அதாவது சுவர்களும் பொது இடங்களில் உங்கள் பங்கும் சேர்த்த பரப்பு, 1,050 சதுர அடி, 7,200 வீதம் 75.6 லட்சம். கார் நிறுத்துமிடம் 4 லட்சம். நான்காவது மாடி என்பதால் மாடிக்கு 30 ரூபாய் வீதம் சதுர அடிக்கு 120 ரூபாய், அது 1.26 லட்சம். கிளப், உடற்பயிற்சிக்கூடம் வகையில் 2 லட்சம். மொத்தம் 82.86 லட்சம். கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்பதால் 5 சதவீத ஜிஎஸ்டி 4.14 லட்சம். ஆக 87 லட்சம். இப்போது கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் தரையின் அளவை, கேளுங்கள். 750 சதுர அடி என்பார்கள். 87 லட்சத்தை 750-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 11,600 ரூபாய். 7,200 என்று சொல்லப்பட்ட வீடு, நீங்கள் காலை வைத்து நடக்கும் தரைக்கு 11,600. ரெரா எனும் வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படி கார்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும், அதனால் தயங்காமல் கேளுங்கள். இரண்டு மூன்று திட்டங்களை இந்த எண்ணை வைத்து ஒப்பிட்டாலே, மலிவு என்று நினைத்தது மலிவாக இல்லை என்பது தெரிந்துவிடும்.

இந்தத் தாளில் எது நகரும்? மாடிக்கட்டணம் நகரும், கிளப் கட்டணம் நகரும், கார் இடத்துக்கான தொகை பெரும்பாலும் நகரும். திறந்தவெளி நிறுத்துமிடம் என்றால் ரெரா சட்டத்தில் அது பொதுப் பகுதி. தனியாக விலை போட்டு விற்கவே முடியாது. ஆனால் ஒவ்வொரு வரியாகப் பேரம் பேசாதீர்கள். ஒரு வரியில் குறைத்து இன்னொரு வரியில் ஏற்றிவிடுவார்கள். ‘பதிவுச் செலவு தவிர எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்லுங்கள். இந்த உதாரணத்தில் நானாக இருந்தால் 80-இல் தொடங்கி 82 வரை போவேன். ஜிஎஸ்டியை பில்டர் தள்ளுபடி செய்ய முடியாது, அது அரசுக்குப் போகும் வரி. ஆனால் அடிப்படை விலையைக் குறைத்து மொத்தத்தை உங்கள் எண்ணுக்குக் கொண்டுவர அவரால் முடியும். சமையலறை அலமாரி தருகிறேன் என்றால், வேண்டாம், அந்தத் தொகையை விலையில் கழியுங்கள் என்று சொல்லுங்கள். விலை குறைந்தால் அதன்மேல் வரும் வரியும் குறையும், கடனும் குறையும்.

அப்புறம் ஜிஎஸ்டி பற்றி இன்னொரு விஷயம். பணி நிறைவுச் சான்றிதழ் வந்தபின், அதுவரை ஒரு ரூபாயும் கொடுக்காமல் இருந்து வாங்கினால், அந்த வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. உங்கள் கட்டடம் முடியும் நிலையில் இருக்கிறது என்றீர்கள். சான்றிதழ் எப்போது வரும் என்று கேளுங்கள். நாலு மாதத்தில் என்றால் உங்கள் கையில் நாலு லட்ச ரூபாய்க் காரணம் ஒன்று இருக்கிறது: ‘காத்திருந்தால் எனக்கு இவ்வளவு மிச்சம், இன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டுமென்றால் நீங்கள் என்ன தருவீர்கள்?’ அவர்களுக்கு இன்றைய பணம் தேவை. இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் போய் நான் பார்த்ததில்லை.

கட்டி முடிந்தும் விற்காமல் நிற்கும் வீடு பில்டருக்குப் பெரிய பாரம் என்பதை வாங்குபவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். விற்காத வீடுகளின் பராமரிப்புச் செலவு அவர் தலையில். நிறைவுச் சான்றிதழ் வாங்கிய நிதியாண்டு முடிந்து இரண்டு வருஷம் ஆனபின், காலியாகக் கிடக்கும் வீட்டுக்கும் வாடகை வந்ததாகக் கணக்கிட்டு வருமான வரி போடுவார்கள். அதனால் ஒரு கட்டடத்தில் கடைசியாக மீந்து நிற்கும் ஐந்தாறு வீடுகளில்தான் வாங்குபவரின் கை ஓங்கியிருக்கும். மிச்சம் எத்தனை என்று விற்பனைப் பிரிவில் கேட்டால் ‘இரண்டே இரண்டுதான் சார்’ என்பார்கள். எத்தனை வீடு முன்பதிவானது என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தமிழ்நாடு ரெரா தளத்தில் பில்டர் தெரிவிக்க வேண்டும், திட்ட எண்ணைப் போட்டுப் பாருங்கள். குடிவந்துவிட்ட கட்டடம் என்றால் இன்னும் எளிய வழி உண்டு. இரவு எட்டரை மணிக்கு எதிரே நின்று விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணுங்கள். அடுத்தடுத்து மூன்று நாள் எண்ணுங்கள். வாங்கிப் போட்டு வாடகைக்கு ஆள் கிடைக்காத வீடுகளும் அந்த இருட்டில் அடங்கும். அவற்றில் சிலவற்றின் உரிமையாளர்கள் பில்டரைவிடக் குறைவாகவே விற்கத் தயாராக இருப்பார்கள்.

சென்னையில் அடிக்கடி எடுபடும் ஒரு வழியையும் சொல்கிறேன். இங்கே நிறையக் கட்டடங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் எழுபவை. நிலம் ஒருவருடையது, கட்டுவது இன்னொருவர், முடிந்ததும் வீடுகளைப் பங்கிட்டுக்கொள்வார்கள். நில உரிமையாளரின் பங்குக்கு வந்த வீடுகள் அதே கட்டடத்தில், அதே தரத்தில் இருக்கும். அவருக்கு விற்பனை அலுவலகமோ விளம்பரச் செலவோ கிடையாது, பழைய வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள் என்ற பயமும் கிடையாது. பெண் கல்யாணம், பிள்ளைகளுக்குப் பாகம் பிரிப்பது என்று அவருக்கு ஒரு தேவை இருக்கும். காவலாளியிடம் விசாரித்தாலே அவர் யார் என்று தெரிந்துவிடும். எந்தெந்த வீடு அவர் பங்கு என்பதைக் காட்டும் ஒப்பந்தத்தையும், பவர் பத்திரத்தையும் வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் பேச்சை முடிக்க வேண்டும். அது முடிந்தால், பில்டரிடம் கிடைக்காத விலை இவரிடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சரி, மடிப்பாக்கம் வீட்டுக்கு வருவோம். இருபது வருஷப் பழைய வீட்டில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் மண்தான். வங்கி மதிப்பீட்டாளர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பாருங்கள். யுடிஎஸ், அதாவது பிரிபடாத நிலப் பங்கு, 420 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் நிலம் 9,000 ரூபாய் என்றால் 37.8 லட்சம். 900 சதுர அடிக் கட்டடத்தை இன்று எழுப்ப 2,500 வீதம் 22.5 லட்சம் ஆகும். அறுபது வருஷ ஆயுளில் இருபது போய்விட்டது, மிச்சம் 15 லட்சம். மொத்தம் 52.8 லட்சம். உரிமையாளர் கேட்பது 68. இந்த இடைவெளியைச் சத்தம் போடாமல் எடுத்து வையுங்கள். வங்கியும் ஒப்பந்த விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கடன் தரும், 30 முதல் 75 லட்சம் வரையான கடனென்றால் அதிலும் 80 சதவீதம்தான். ‘வங்கி இதற்கு மேல் மதிப்புப் போடவில்லை, மீதிக்கு என்னிடம் கைப்பணம் இல்லை’ என்பது உண்மையான காரணம். யாரையும் புண்படுத்தாத காரணமும்கூட.

கீழே போவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்புப்படி 62 லட்சம் வரும் வீட்டை 54 லட்சத்துக்கு முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்துக்கு 62-க்குத்தான் கட்டணம் கேட்பார்கள். அதோடு, வித்தியாசம் நீங்கள் கொடுத்த விலையில் 10 சதவீதத்தைத் தாண்டுவதால், முழு 8 லட்சமும் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரி வரும், விற்பவருக்கும் கூடுதல் வரி. ஆகவே பேசப் போகும் முன் பதிவுத்துறைத் தளத்தில் அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். 2023 ஏப்ரலில் இந்த மதிப்புகளை, 2017-இல் குறைக்கும் முன் இருந்த அளவுக்கு உயர்த்தினார்கள். சில தெருக்களில் அது சந்தை விலைக்கு மிக அருகில் வந்து நிற்கிறது.

பழைய வீட்டில் விலையைத் தீர்மானிப்பது விற்பவரின் காலண்டர். ஒன்றைச் சொல்கிறேன். 2024 ஆடியில் என் நண்பருக்காக இதே பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். பெரியவர் தனியாக இருந்தார். 72 லட்சம் என்று உறுதியாகச் சொன்னார். முந்தைய வாரம் ஒருவர் 70-க்குக் கேட்டதாகவும் சொன்னார், அது பொய் இல்லை. நண்பர் விலை பேசவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், மாடிப்படிக் கைப்பிடியைத் தொட்டு, இது தேக்கா என்று கேட்டார். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. உட்கார்ந்து காபி குடிக்கும்போதுதான் தெரிந்தது: கோவையில் மகன் வீட்டுப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார், மீதியை ஆவணிக்குள் கட்ட வேண்டும். 70 கேட்டவர் தன் வீட்டை விற்றுவிட்டுத்தான் இதை வாங்க முடியும். என் நண்பர் பையிலிருந்து வங்கியின் கடன் ஒப்புதல் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ‘66 தருகிறேன் ஐயா. ஆவணி முதல் முகூர்த்தத்தில் பதிவு. பதிவுக்கு அப்புறமும் இரண்டு மாதம் வாடகை இல்லாமல் நீங்கள் இங்கேயே இருக்கலாம், சாமான்களை மெதுவாக எடுத்துப் போங்கள்’ என்றார். பெரியவர் உள்ளே போய் மகனுக்குப் போன் செய்துவிட்டு வந்தார். 67-க்கு முடிந்தது. மூன்று லட்சம் அதிகம் சொன்னவரை விட்டுவிட்டு அவர் எங்களிடம் வந்ததற்குக் காரணம் அந்த ஒரு தாளும் அந்த இரண்டு மாதமும்தான்.

ஆடியில் பலர் புதுக் காரியம் தொடங்க மாட்டார்கள், மார்கழியிலும் அப்படியே. அந்த மாதங்களில் வீடு பார்க்க வருபவர்கள் குறைவு, விற்பவருக்கும் தரகருக்கும் பேச நேரம் உண்டு. உங்களுக்கும் அந்த நம்பிக்கை இருந்தால் பரவாயில்லை, விலையை மட்டும் மார்கழியில் பேசி வையுங்கள், ஒப்பந்தமும் பதிவும் தையில் நடக்கட்டும். தை பிறந்தால் விலை ஏறும் என்று தரகர் சொன்னது பாதி உண்மை. தையில் ஏறுவது கூட்டம். கூட்டம் வந்தால் சலுகை சுருங்கும், அவ்வளவுதான். பில்டர்களிடம் மார்ச் கடைசியும் நல்ல சமயம், ஆண்டு இலக்கை முடிக்கும் அவசரம் அவர்களுக்கு இருக்கும். இன்னொன்று, பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பக்கம் எந்த வீட்டையும் பெருமழைக்கு மறுநாள் போய்ப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தென்சென்னையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அந்தத் தெரு மளிகைக் கடைக்காரர் கையாலேயே காட்டுவார். தரைத்தள வீடு என்றால் அந்தக் கை காட்டிய உயரமே உங்கள் பேரம். தண்ணீர் வீட்டுக்குள் வந்த இடமென்றால் பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள், எந்தத் தள்ளுபடியும் அதை ஈடு செய்யாது.

வட்டியைக் காட்டியும் அவசரப்படுத்துவார்கள். 2025 பிப்ரவரிக்கு முன் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி), அந்த வருஷ முடிவுக்குள் 5.25-க்கு இறங்கியது. 60 லட்சம் கடன், 20 வருஷம் என்றால், 8.5 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 52,070 ரூபாய், 7.5 சதவீதத்தில் சுமார் 48,340. வட்டி குறைந்தால் வாங்குபவர்கள் திரும்பி வருவார்கள் என்பது சரிதான். ஆனால் 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுக்கும் மிதவை வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. இன்றைக்கு வாங்கினாலும் நாளைக்கு வட்டி குறைந்தால் உங்களுக்கும் குறையும். ஒரு முறை ஒப்புக்கொண்ட விலை மட்டும் குறையாது. அதனால் விலையைப் பேச எடுக்கும் ஒரு மாதம் வீணான மாதம் இல்லை.

இந்தப் பலம் எல்லா இடத்திலும் இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மயிலாப்பூர், அடையாறு உள்தெருக்களில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு வீடுதான் விற்பனைக்கு வரும், அங்கே மந்தம் என்பதே தெரியாது. ஓஎம்ஆர் எனும் பழைய மாமல்லபுரம் சாலையும் அதன் பக்கவாட்டுச் சாலைகளும் அப்படி இல்லை, அங்கே ஒரே மாதிரி வீடுகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. ‘இது இல்லையென்றால் அடுத்த கட்டடம்’ என்று நீங்கள் சொல்வது அங்கே வெறும் வாய்ச்சொல் இல்லை.

விலை குறைந்த சந்தோஷத்தில் எழுத்தை விட்டுவிடாதீர்கள். 2012-இல் நான் வாங்கிய வீட்டுக்குக் கார் இடம் இலவசம் என்று பில்டரின் ஆள் வாயால் சொன்னார், நானும் நம்பினேன். சாவி வாங்கும் நாளில் அந்த ஆள் வேலையில் இல்லை, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. இரண்டரை லட்சம் கட்டித்தான் இடம் வாங்கினேன். கடன் பத்திரங்களையே படித்துக்கொண்டிருந்த எனக்கே அது நடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. அப்போது ரெரா இல்லை. இப்போது பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, சாவி தாமதமானால் வட்டி உண்டு, கட்டமைப்புக் கோளாறுக்கு ஐந்து வருஷம் பொறுப்பு உண்டு. பேசி வாங்கிய ஒவ்வொரு சலுகையையும் அந்த ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பதிவுச் செலவையும் இரண்டு வீட்டுக்கும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 2023 டிசம்பர் முதல், முதல் விற்பனையாகும் அடுக்குமாடி வீட்டுக்கு 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை முத்திரையும் பதிவும் சேர்த்து 7 சதவீதம். மடிப்பாக்கம் வீடு மறுவிற்பனை என்பதால் 9 சதவீதம். அதில் உரிமையாளர் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். உள்ளூர்க்காரரென்றால் 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள விலையில் நீங்கள் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய டிடிஎஸ் வரி 1 சதவீதம்தான், வெளிநாட்டில் இருப்பவருக்குப் பல மடங்கு அதிகம். அதனால் பல வாங்குபவர்கள் அப்படிப்பட்ட வீட்டைத் தொடவே மாட்டார்கள். ஆடிட்டரை வைத்து முறையாகச் செய்யத் தயாரானவருக்கு அதில் விலை கிடைக்கும்.

டோக்கன் விஷயம். இந்த வாரம் இரண்டு லட்சம் கொடுக்காதீர்கள். முதலில் வங்கியில் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள், பத்துப் பதினைந்து நாள் வேலை. மடிப்பாக்கம் வீட்டுக்கு முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டு, தாய்ப்பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். பெரும்பாக்கத்தில் நிறைவுச் சான்றிதழ் தேதியையும், எல்லாம் சேர்த்த ஒரே விலையையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டு பதிலும் வந்தபின் எது உங்களுக்குப் பிடித்ததோ அதற்கு ஐம்பதாயிரம், காசோலையாக. பேசிய விலையும், பத்திரத்தில் கோளாறு இருந்தாலோ வங்கி கடன் மறுத்தாலோ பணம் முழுவதும் திரும்பும் என்ற வரியும் ரசீதில் இருக்கட்டும். அந்த வரியை எழுத மறுத்தால் காசோலையைக் கிழித்துவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள்.